உள்ளே எத்தனை?

முதலில் அந்தச் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன் மேடம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

டிக். டிக். டிக். மூன்று தட்டு. பிறகு நிற்கும். எழுதினதை ஒருதரம் வாசித்துப் பார்ப்போமே, அவ்வளவு நேரம் நிற்கும். மறுபடி டிக், டிக், டிக். பல்லி இல்லை, பல்லி இப்படி எண்ணி எண்ணிக் கத்தாது. எலி இல்லை, எலிக்கு அந்தப் பொறுமை கிடையாது. இரும்பு கல்லைத் தொடுகிற சத்தம். அதுவும் பயந்து பயந்து தொடுகிற சத்தம். செவ்வாய்க்கிழமை இருட்டிய பிறகு, சீரியல் பாட்டு ஓய்ந்து பக்கத்து வீடுகள் அடங்கின நேரத்தில், என் வாசற்படியிலிருந்து அது வந்தது. நான் என் பெண் மெர்லினுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பூன் அவள் வாய்க்குப் போகாமல் நடுவழியில் நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஏதோ விளையாட்டு என்று.

இந்த ராத்திரிக்குள்ளேயே நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். ஏன் வாட்ஸ்அப் குரூப்பை விட்டு விலகினாய், ஏன் படத்தை அழித்தாய், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வரலாமா வேண்டாமா என்று. போனில் பேசினால் அழுதுவிடுவேன் மேடம், அதனால்தான் எழுதுகிறேன். வர வேண்டாம் என்று மட்டும் போனில் ஒரு வரி அனுப்பிவிட்டேன். வந்தாலும் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். என் வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் போயிருக்கிறார். மெர்லின் இப்போதுதான் அழுது ஓய்ந்து தூங்கினாள். நடுநடுவே எழுந்து கதவைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன், கோர்வை இல்லாமல் இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நாம் நேரில் பார்த்ததில்லை. உங்களைத் திருச்சி காலேஜில் கல்லைப் பற்றிப் பாடம் எடுப்பவர், குரூப்பில் சந்தேகம் வந்தால் தீர்த்துவைப்பவர் என்று தெரியும். என்னை உங்களுக்குப் 'பவளக்கா' என்றுதான் தெரியும். எனக்கு இருபத்தாறு வயசுதான் மேடம். ஐம்பது வயசுக்காரர்கள்கூட அக்கா, அக்கா என்பார்கள். பி.காம். பாதியில் நின்றவள். கல் எல்லாம் எனக்குக் கான்வென்டில் வந்த பழக்கம். லேபில் ஒரு கண்ணாடி அலமாரி, அதற்குள் இந்த அரியலூர்ப் பக்கத்துக் கற்கள். எண்பது கற்களுக்கும் சீட்டு எழுதி ஒட்டினவள் நான்தான். என் கையெழுத்து அப்படி. சிஸ்டர் எங்களுக்குக் கடிதம் எழுதவே ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்தார். அனுப்புநர் முகவரி இடது மேல் மூலையில், கதவு எண், தெரு, பின்கோடு, ஒரு புள்ளி விடக் கூடாது. முகவரி இல்லாத கடிதமும் முகமூடி போட்ட ஆளும் ஒன்று என்பார். இந்த உறையிலும் பாருங்கள், எழுதியிருப்பேன். கை தானாகப் போய்விடுகிறது.

மெர்லின் வயிற்றில் இருந்தபோது ஐந்து மாதம் படுக்கையிலேயே கிடக்கச் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் இந்தப் புதைபடிவக் கல் குரூப்பில் சேர்ந்தேன். எல்லோரும் படம் போடுவார்கள். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு, அளவு தெரிவதற்கு. "இது டைனோசர் முட்டையா?" உருண்டையாக எது கிடைத்தாலும் இவர்களுக்கு முட்டைதான் மேடம், உங்களுக்குத் தெரியாததா. நான் கல்லாகிப்போன கடல் பவளத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். கல்லை நனைத்து எடுத்த படம் கேட்பேன். வட்டத்துக்குள் சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரிக் கோடுகள் ஓடும், அதை எண்ணுவேன். ஆறின் மடங்கில் வந்தால் பவளம், வராவிட்டால் வேறு யோசனை. படுத்துக்கொண்டே எண்ணினேன். ஊரெல்லாம் என்னைக் கேட்டது. எனக்குப் பெருமை எல்லாம் கிடையாது, சும்மா ஒரு பொழுதுபோக்கு. ஆனால் நான் சொன்ன பிறகு வேறு யாராவது வந்து வேறு மாதிரிச் சொன்னால் பிடிக்காது. அது யாருக்குத்தான் பிடிக்கும்?

சிலர் கல்லையே பார்சலில் அனுப்புவார்கள், சுரங்க ஆபீஸுக்கு, என் வீட்டுக்காரர் பேருக்கு; வீட்டு முகவரி யாருக்கும் கொடுப்பதில்லை. பார்த்துவிட்டு, துடைத்து, சீட்டு எழுதி, பத்திரமாகத் திருப்பி அனுப்புவேன். லால்குடியில் டைப் வகுப்பு நடத்துகிறவர் ஒருவர், குணாளன் என்று, போன வருஷம் பிஸ்கட் டப்பாவில் பஞ்சு சுற்றி ஒன்று அனுப்பினார். பதினோரு வருஷமாகச் சாமி அலமாரியில் வைத்திருந்ததாம். மேலே குங்குமம் அப்பியிருந்தது. அதை ஈரத் துணியால் நான்தான் துடைத்து எடுத்தேன், கோடு தெரிய வேண்டுமே. துடைத்தால் அது பவளமே இல்லை. பழைய காரைக் கட்டி, அதில் சல்லடை பதிந்த தடம். குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "குணாளன் சார், இது கடல்ல வளர்ந்தது இல்ல, கொத்தனார் கைல வளர்ந்தது." எல்லோரும் சிரித்தார்கள். நாற்பத்து மூன்று பேர் அந்தச் சிரிக்கிற பொம்மையைப் போட்டார்கள். நான் உண்மையைத்தானே சொன்னேன் மேடம்? கல்லைப் பத்திரமாகப் பஞ்சு சுற்றி, டப்பா மேல் முகவரியெல்லாம் ஒழுங்காக எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன். அத்தோடு முடிந்தது. அவரும் நன்றி அக்கா என்று போட்டிருந்தார்.

இப்போது படிக்கல்லுக்கு வருகிறேன்.

எங்களுடையது சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போகிற ரோட்டில் வரிசையாக நாலு வீடு, அதில் கடைசி. அதற்கு அப்பால் தோண்டிப்போட்ட பழைய பள்ளம், தண்ணீர், கருவேலம். வாடகை வீடு. கதவுக்கு மேல்தாழ்ப்பாள் ஒன்று இருந்தது, போன மழைக்குக் கட்டை ஊதி வளையம் பிடுங்கிக்கொண்டது. வீட்டு ஓனரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். இருப்பது கீழ்த்தாழ்ப்பாள் ஒன்று. கம்பியைக் கீழே தள்ளினால் வாசற்படிக் கல்லில் ஒரு துளை, அதற்குள் இறங்கும். அந்தத் துளைதான் எங்கள் வீட்டுக் காவல்காரன்.

மெர்லினுக்கு ஒன்பது மாதம். தவழ்ந்து போய் எதையும் நக்கிப் பார்க்கிற வயசு. நம் ஆட்களும் அப்படித்தானே, காட்டில் கல்லை எடுத்தால் முதல் வேலையாக நாக்கில் தடவி ஈரத்தில் கோடு பார்க்கிறோம். போன சனிக்கிழமை காலை கதவு திறந்திருந்தது. இவள் படிக்கல்லில் கவிழ்ந்து நக்கிக்கொண்டிருந்தாள். தூக்கினேன். எச்சில் பட்ட இடத்தில், மேடம், ஒரு பூ! இரண்டு வருஷமாக மிதித்து மிதித்துத் தாண்டின கல். காய்ந்தால் வெறும் சாம்பல் நிறம். அவள் எச்சிலில் ஒரு சக்கரம் பூத்திருந்தது. இருபத்து நான்கு ஆரங்கள், ஒன்று நீளம் ஒன்று குட்டை, ஒன்று நீளம் ஒன்று குட்டை. பத்துக் கோடி வருஷத்துக்கு முந்தின கடல், என் பிள்ளையின் எச்சிலுக்காகக் காத்திருந்த மாதிரி. கதவை மூடினால் பாதி உள்ளே, பாதி வெளியே. தாழ்ப்பாள் துளையை ஒட்டினாற்போல்.

காசு வைத்துப் படம் எடுத்தேன். தாழ்ப்பாள் துளையும் படத்தில் விழுந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. "இந்த மாதிரித் தனிப் பவளம் இந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததே இல்லை" என்று எழுதினேன். 'நான் பார்த்ததில்லை' என்றுதான் எழுதியிருக்க வேண்டும். சரி, கொஞ்சம் கூடிப்போய்விட்டது. நீங்கள் உடனே தனியாக அனுப்பினீர்கள்: யாரையும் தொட விடாதே, அடுத்த ஞாயிறு கல் அறுக்கிற ஆளோடு வருகிறேன், அப்படியே முழுசாக எடுத்து உன் பேரோடு காலேஜில் வைக்கலாம் என்று. உன் பேரோடு. அதை எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று கேட்காதீர்கள். குரூப்பிலும் போட்டேன், மேடமே ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று. போடாமல் இருக்க முடியுமா?

குணாளன் மட்டும் கேட்டார்: "இது வாசப்படிதானே அக்கா?" நான் பதில் சொல்லவில்லை. இடம் சொல்லக் கூடாது என்பது குரூப் விதி. விதியை நான் மீறியதே இல்லை.

திங்கள் மத்தியானம், அவர் பகல் ஷிஃப்டில் இருந்தபோது, யாரோ கதவைத் தட்டினார்கள். "வீட்ல யாரும் இருக்கீங்களா?" ஆண் குரல். நான் மெர்லினைத் தூக்கிக்கொண்டு அடுக்களை மூலையில் உட்கார்ந்துவிட்டேன். தனியாக இருக்கும்போது திறப்பதில்லை. இவள் கெக்கெக்கே என்று சிரித்தாள். வாயைப் பொத்தினேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

செவ்வாய் ராத்திரி அந்தச் சத்தம்.

செவ்வாய் நைட் ஷிஃப்ட் முடிந்து புதன் காலை அவர் வந்தார். என் வீட்டுக்காரர் அடைக்கலராஜ், சுரங்கத்தில் கல் போகிற பெல்ட் பக்கம் வேலை. படிக்கு வெளியே வெள்ளைப் பொடி கிடந்ததைக் காட்டினேன். கல்லில் முடி மாதிரி ஒரு விரிசல்.

"வெடி வைக்கிறான்ல, எல்லா வீட்லயும்தான் விரிசல்" என்றார்.

"வெடிக்குப் பொடி எப்படிங்க உதிரும்?"

"ரெஜி, எனக்குக் கண்ணு சொருகுது."

செங்கமலம் அக்காவிடம் சொன்னேன். பக்கத்து வீடு. அவர் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "வாசப்படி ஏறித் திருடறவனப் பாத்திருக்கேன். வாசப்படியவே திருடறவன இப்பத்தான்டி கேக்குறேன்!"

அன்று ராத்திரி தாழ்ப்பாளைத் தள்ளினால் இறங்கவில்லை. விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். விரிசல் விட்டு, பவளத்தின் உள்பக்கத்துப் பாதி மேலே பெயர்ந்து ஒரு விரல் நகர்ந்து வந்து துளையை மூடிக்கொண்டிருந்தது. கம்பி அதன் மேலே போய் நிற்கிறது. அன்று ராத்திரி சத்தம் இல்லை, எனக்குத்தான் தூக்கமும் இல்லை. காலையில் அவர் பார்த்தார். கரண்டிக் காம்பை விட்டு நெம்பிப் பார்த்தார், அசையவில்லை. சுத்தியலை எடுத்து வந்து குந்தி உட்கார்ந்தார்.

"ஒரே போடு. தாழ்ப்பா எறங்கிடும்."

நான் போய்க் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். "தொடாதீங்க. ஞாயித்துக்கிழமை மேடம் வர்றாங்க."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் கதவத் தொறந்து போட்டுட்டுத் தூங்குவியா? நான் பெல்ட்டுகிட்ட நிப்பனா, இங்க நிப்பனா? லீவு கேட்டா ஆள் இல்லங்கிறான். ஒனக்குப் புள்ள முக்கியமா, கல்லு முக்கியமா?"

"இது கல்லு இல்லங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம்கூட இல்லை, அசதி. கேஸ் சிலிண்டரை உருட்டி வந்து கதவோரம் வைத்தார். "முட்டுக் குடுத்துக்க. திங்கக்கிழமை கொத்தனாரக் கூட்டியாறேன்." சுத்தியலை ஜன்னல் கட்டையில் வைத்தார். "இங்கயே இருக்கட்டும். மனசு மாறினா ஒரே போடு."

என் மனசு மாறவில்லை. அது அறிவியலுக்காக மேடம், எனக்காக இல்லை. அதை நீங்களாவது புரிந்துகொள்வீர்கள்.

வியாழன் ராத்திரி மறுபடி டிக், டிக், டிக். சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கத்தலாம் என்று வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அவருக்குப் போன் போட்டேன், பெல்ட் ஓடுகிற இடத்தில் மணி காதில் விழாது. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. பஸ் போகிற இரைச்சல் கேட்டது. கடைசி பஸ்.

இன்று வெள்ளி. இன்று சாயங்காலமே மெர்லினைத் தூங்க வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுக் கதவுக்கு உள்ளே தரையில் உட்கார்ந்தேன். கதவுக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு விரல் சந்து இருக்கிறது. அதன் வழியாகத் தெரு வெளிச்சம் ஒரு கோடாக விழும். பக்கத்து வீடுகள் அடங்கினதும் அந்தக் கோட்டில் இரண்டு கறுப்பு விழுந்தது. செருப்புக் கால்கள். பிறகு முழங்கால்கள். பிறகு டார்ச்சு. பிறகு டிக்.

"யாரு?" என்றேன். எனக்கே அந்தக் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

சத்தம் நின்றது.

"அக்கா? இன்னும் தூங்கலியா?"

"யாரு அது!"

"நாந்தாங்கா. குணாளன். லால்குடி. குரூப்புல இருக்கேன்ல."

"இங்க என்ன பண்றீங்க? ஊரக் கூப்பிடுவேன்!"

"சத்தம் போடாதீங்கக்கா. பாப்பா எந்திரிச்சிடப் போவுது."

என் பிள்ளை தூங்க வேண்டும் என்று என் வாசற்படியை உடைக்கிறவன் சொல்கிறான் மேடம்! கோபம் வரவில்லை. சிலிண்டரை இன்னும் கதவோடு நெருக்கினேன்.

"ஒங்களுக்கு எங்க அட்ரஸ யாரு குடுத்தா?"

"நீங்கதாங்கா."

"பொய்!"

"திங்கக்கிழமை பகல்லயே மரியாதையா வந்தேன். பழம்கூட வாங்கியாந்தேன். உள்ள இருந்துகிட்டே இல்லாத மாதிரி இருந்தீங்க. பாப்பா சிரிச்சது கேட்டுச்சு." மூக்கை உறிஞ்சினார். "ஞாயித்துக்கிழமை மேடம் வந்துட்டா கண்ணாடிப் பொட்டிக்குள்ள போயிரும். அப்பறம் என் கைக்கு வருமா? எனக்கு ஒண்ணு வேணுங்கா. ஒண்ணே ஒண்ணு. நீங்களே பவளம்னு சொன்ன ஒண்ணு. சாமி அலமாரில எடம் காலியாவே கெடக்கு."

எதற்கு இதையெல்லாம் என்னிடம் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. இப்போதும் புரியவில்லை. என் முகவரியைக் குரூப்பில் யாரோ கொடுத்திருக்கிறார்கள், நீங்கள் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

"வெளிப்பக்கம் பன்னண்டு இருக்கு. மூணு நாளாத் தொட்டுத் தொட்டு எண்ணிட்டேன். உள்ள எத்தனைங்கா?"

நான் சந்தைவிட்டுக் கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன்.

"எண்ணிச் சொல்லுங்கக்கா. நீங்க சொன்னாச் சரியா இருக்கும்."

அப்போதுதான் எனக்கு ஒரு வழி தெரிந்தது. பவளம் இல்லை என்று நான் சொல்லிவிட்டால் அது பவளம் இல்லை. எழுநூறு பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். முதல் நற்கருணை வாங்கின நாளிலிருந்து நான் தெரிந்து பொய் சொன்னதில்லை மேடம், அதுவும் எண்ணிக்கையில். கையை நீட்டிக் கல்லைத் தடவினேன். இருட்டில் விரலுக்குத் தெரிந்தது. ஒன்று நீளம் ஒன்று குட்டை. பன்னிரண்டு.

"ஒம்போது" என்றேன்.

"ஒம்போதா?"

"ஒம்போதுதான். மொத்தம் இருபத்தொண்ணு. ஆறால வகுபடாது. இது பவளம் இல்ல. போட்டோல நெழல் விழுந்து தப்பா எண்ணிட்டேன். சிப்பித் துண்டு. போயிடுங்க."

பள்ளத்தில் தவளை கத்தியது. போய்விட்டார் என்று நினைத்தேன். டார்ச்சு வெளிச்சம் மட்டும் அசையாமல் சந்தில் கிடந்தது.

"அக்கா, என் கல்லப் பத்தி வாய்ஸ் மெசேஜ் போட்டீங்க. ஞாபகம் இருக்கா? நூறு தடவை கேட்டிருப்பேன். கொரல்ல ஒரு நடுக்கம் கெடையாது. நறுக்குன்னு இருந்துச்சு." குரல் கதவுக்குப் பக்கத்தில் வந்தது. "இப்ப நடுங்குது. பொய் சொல்றீங்க."

கதவு அசைந்தது. தள்ளினது மாதிரி இல்லை, சாய்ந்தது மாதிரி. சிலிண்டர் தரையில் ஒரு விரல் நகர்ந்து கிரீச் என்றது. நான் தோளைக் கொடுத்தேன்.

"ஒரு கோடு தொறங்க போதும். நானே எண்ணிப் பாத்துக்கறேன். நான் கெட்டவன் இல்லக்கா. டைப் சொல்லிக் குடுக்கறவன். நாப்பது பொம்பளப் புள்ளைங்க எங்கிட்டப் படிக்குது."

கெட்டவன் இல்லை என்று ராத்திரியில் கதவுக்கு வெளியே நின்று சொல்கிறவனை என்ன செய்வது மேடம்? நல்லவர்கள் அதைச் சொல்ல வேண்டி வருமா? சந்து வழியாக உளி உள்ளே வந்தது. மெல்லிசு உளி, முனை பளபளவென்று. விரிசலைத் தேடித் தேடி, குருடன் கைத்தடி மாதிரிக் கல்லைத் தடவிக்கொண்டு என் பக்கத்துப் பாதிக்கு வந்தது.

"தானா வருதுக்கா. பாதி பேந்துருச்சு. நெம்பினா முழுசா வந்துரும். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் பிடிச்சுக்கிட்டா ஒடையாம எடுத்துரலாம்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பிடித்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. உடையாமல் வரட்டுமே என்று. என் கைகூடப் போய்விட்டது.

அப்போது என் முழங்கையில் சூடாக ஏதோ பட்டது. மெர்லின். எப்போது எழுந்தாள், எப்போது பாயை விட்டுத் தவழ்ந்து வந்தாள் என்று தெரியாது. அழவில்லை. அவளுக்கு அந்த வெளிச்சம் வேண்டும், அந்தக் கல் வேண்டும். அவள் கண்டுபிடித்த கல் அல்லவா? என் கைக்கு அடியில் நுழைந்து கவிழ்ந்து நாக்கை நீட்டினாள். உளி முனைக்கும் அவள் கன்னத்துக்கும் நடுவே ஒரு ரூபாய்க் காசு அளவு இடம்.

"யாருங்கா அது, பாப்பாவா?" என்றார் அவர். உளி மேலும் கொஞ்சம் உள்ளே வந்தது.

இடது கையால் அவளை இழுத்து இடுப்புக்குப் பின்னால் தள்ளினேன். விழுந்து வீறிட்டாள். ஜன்னல் கட்டையில் வலது கை போனது. சுத்தியலின் கனம் எனக்குத் தெரியவில்லை. உளியை அடிக்கவில்லை மேடம். உளியை அடித்திருந்தால் அது வெளியே போயிருக்கும், நாளைக்குத் திரும்பி வந்திருக்கும். நான் பூவை அடித்தேன். முதல் அடியில் நடுவே பிளந்தது. இரண்டாவதில் ஆரங்கள் தெறித்தன, ஒன்று என் உதட்டில் பட்டது, உப்பாக இருந்தது. மூன்று, நாலு. "யேசுவே, யேசுவே" என்று சொல்லிக்கொண்டே அடித்தேன். கடைசியில் கல்லில் பட்ட சத்தம் மாறி, மாவில் அடிக்கிற மாதிரித் தொப்பென்று கேட்டது.

உளி மெதுவாக வெளியே போனது.

"ஒடைச்சிட்டீங்களா?"

மெர்லின் கத்திக்கொண்டிருந்தாள். நான் கையால் பொடியை வழித்தேன். கண்ணாடித் தூள் மாதிரிக் குத்தியது. அந்தப் பொடியை அவளுடைய பால் பவுடர் டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன், சீட்டும் எழுதி ஒட்டியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டுமானால் அனுப்புகிறேன்.

"அக்கா." வெளியே அவர் உட்கார்ந்துவிட்டார் போல, குரல் கதவின் அடியிலிருந்து வந்தது. அழுகிற ஆம்பளைக் குரல். எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "அக்கா, ஒடைச்சது ஒடைச்சிட்டீங்க. போறேன். இனிமே வரமாட்டேன். உள்ள எத்தனை இருந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க. எழுதி வச்சுக்கறேன்."

விரலை விட்டுத் துழாவினேன். பொடிக்கு அடியில் துளை, வட்டமாக, வெறுமையாக, எங்கள் பழைய துளை.

"பன்னண்டுதானேக்கா? பன்னண்டுன்னு சொல்லிருங்க."

செங்கமலம் அக்கா வீட்டில் விளக்கு எரிந்தது, "யாருடி அங்க?" என்று ஒரு சத்தம் கேட்டது. வெளியே டார்ச்சு அணைந்தது. பிள்ளையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மறு கையால் தாழ்ப்பாளை அடிவரைக்கும் இறக்கினேன்.